கூப்பிட்டால் திரும்புகிற பெயர்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் பெயரை எழுதவில்லை. பழைய பெயரை எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய். புதுப் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் மருத்துவமனை முகவரிக்கு மேலே "வெளிநோயாளர் பிரிவு, பெயர் கூப்பிடும் மேசை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நாள் முழுக்கப் பெயர் கூப்பிடுகிறவளுக்கே பெயர் இல்லாமல் கடிதம் போகிறதே என்று தபால் பெட்டி முன்னால் நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நீ போய் நாற்பது நாள். உன் கட்டிலின் தலைமாட்டில் பித்தளைத் தகடு இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருக்கின்றன. என் கட்டிலில் படுத்தால் அவை நேராகத் தெரிகின்றன. ஊருக்கெல்லாம் கதவுக்கும் மேசைக்கும் பெயர்த் தகடு வெட்டுகிற அப்பா, நம் இரண்டு பேருக்கும் கட்டிலுக்கு ஆளுக்கொன்று வெட்டித் தந்தார் என்று எவ்வளவு பெருமைப்பட்டோம். நீ சாப்பாட்டு மேசையில் கழற்றி வைத்துவிட்டுப் போன தகட்டை நான் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பா அது எங்கே என்று கேட்கவில்லை.

அவரிடம் ஒரு தடவைதான் பேச்சை எடுத்தேன். "அக்கா பேரை மாத்திக்கிட்டாளாமேப்பா. புதுப் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டு பேருக்கும் பேரு வச்சாச்சு. மூணாவதா ஒருத்திய எனக்குத் தெரியாது" என்றார். சொன்னவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்ன கணக்கு அவருக்கே தப்பாகப் பட்டிருக்க வேண்டும்.

நீ வேலைக்காகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போய், ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பெயர், ஆனால் மூன்று வருட இடைவெளியில் இரண்டு தேதிகள் என்று இரண்டு சான்றிதழ்களோடு வந்து நின்றாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. நமக்கு மூத்தவள் ஒருத்தி பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போனதும், அவள் பெயரைத்தான் உனக்கு வைத்தார்கள் என்பதும் எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கேட்டிருக்கலாம்.

பள்ளி நூலகத்தில் உலகத்துப் பெண் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்கிற ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. வெளியே தர மாட்டார்கள். மதிய இடைவேளையில் போய்க் குறிப்பு எடுக்கிறேன். டெபோரா என்றால் எபிரேய மொழியில் தேனீ. உர்சுலா என்றால் லத்தீனில் குட்டிப் பெண்கரடி. மார்கரெட் என்றால் கிரேக்கத்தில் முத்து. அப்படியானால் மார்கரெட்டும் முத்தம்மாவும் ஒரே பெயர்தான், அறிமுகம் ஆகாமல் இருந்துவிட்டார்கள். உன் புதுப் பெயரைச் சொல்லாவிட்டாலும் அர்த்தத்தையாவது சொல். பூவா, பறவையா, நட்சத்திரமா? நான் கண்டுபிடிக்கிறேன்.

வீட்டுக்குப் போன் செய்தால் பட்டறையில் அப்பாதான் எடுப்பார். அதனால் பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கு எழுது. நூலக டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

உன் தங்கை,
அகராதி
இந்தப் பட்டப்பெயர் நீ வைத்தது. நான் இதை மாற்றவில்லை.


ஜூன் 21

அகராதிக்கு,

உன் கடிதம் எக்ஸ்ரே அறை, மருந்துக் கிடங்கு எல்லாம் சுற்றிவிட்டு என்னிடம் வந்தது. அடுத்த முறை "மேசை எண் 4" என்று போடு.

வேலை நன்றாகத்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் மதியத்துக்குள் இருநூறு பேரையாவது கூப்பிடுகிறேன். எவ்வளவு கோபமாகக் காத்திருந்தவரும் தன் பெயர் காதில் விழுந்ததும் ஒரு நொடி சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்க்கிறார்.

என்னைக் கூப்பிட்டால்தான் சிக்கல். புதுப் பெயரை அட்டையில் அடித்துச் சட்டையில் குத்தியிருக்கிறேன். ஆனால் காது இன்னும் அதைப் படிக்கவில்லை. தலைமை நர்ஸ் மூன்று நான்கு முறை கூப்பிட்ட பிறகு பக்கத்து மேசைக்காரி தோளைத் தட்டுவாள். தரை துடைக்கிற அம்மா எல்லோரிடமும், "பாவம், நல்ல பொண்ணு, செவிதான் கொஞ்சம் மந்தம்" என்று பரப்பிவிட்டார். இப்போது என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்துகிறார்கள்.

அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். போன சனிக்கிழமை மாலை மைக்கை அணைத்ததிலிருந்து திங்கட்கிழமை காலை வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முதல் பெயரைக் கூப்பிடும்போது தொண்டை கரகரத்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

புதுப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் புத்தகத்தில் தேடுவாய், அர்த்தம் எடுப்பாய், அதை வைத்து எனக்குப் பாடம் நடத்துவாய்.

அன்றைக்கு நான் சான்றிதழ்களை நீட்டியபோது அப்பா சொன்னது உன் காதிலும் விழுந்தது. "முன்னாடி வெட்டின தகடு இருந்துச்சு, அதான் அதே பேர வச்சோம்." இருபத்திரண்டு வருடம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது வேறொருத்தியைக் கூப்பிட்டதற்கு. வீணாகக் கூடாது என்று மீந்த தகட்டுக்குப் பிடித்த ஆள் நான்.

நன்றாகப் படி. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

எண்ணெய் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தாளில் ஒரு துளி பட்டுவிட்டது. மன்னித்துக்கொள்.

உனக்கு ஆறுதலாக ஒன்று கண்டுபிடித்தேன். பழைய ரோமாபுரியில் பெண்களுக்கென்று தனிப் பெயர் கிடையாதாம். குடும்பப் பெயரே பெண் வடிவில் எல்லா மகள்களுக்கும். அக்காவும் தங்கையும் ஒரே பெயர்தான். அடையாளத்துக்கு மூத்தவள், இளையவள், இரண்டாமவள், மூன்றாமவள் என்று சேர்த்துக்கொள்வார்களாம். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரே பெயர் என்பது அதிசயமே இல்லை.

இன்னொன்று, ரெனாட்டா. லத்தீனில் மறுபடி பிறந்தவள். போனவள் திரும்பி வந்தாள் என்று சந்தோஷமாக வைக்கிற பெயர்கள் பல மொழிகளில் இருக்கின்றன. நம் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்களோ?

இங்கே எல்லாம் பழையபடிதான். அதாவது சத்தம் இல்லை. சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்க்கிறார், நான் குறிப்பேட்டைப் பார்க்கிறேன். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. வாடிக்கையாளர் தன் கையால் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் தகட்டைத் தொடுவார். வெட்டி முடித்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, பிழை இல்லை என்று தெரிய முழுப் பெயரை மூன்று முறை வாய்விட்டுச் சொல்வார். நேற்று ஒரு பல் மருத்துவரின் தகடு. மூன்றாவது முறை சொன்னபோது யாரையோ கூப்பிடுவது போலவே இருந்தது. உள்ளே இருந்து பூனை எழுந்து போய் அவர் முன்னால் நின்றது. "நீயா டாக்டர்?" என்று அதைக் கேட்டார். நீ போனதிலிருந்து அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். சிரிக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

அகராதி


ஜூலை 10

அகராதி,

உன் ரோமாபுரி அக்கா தங்கைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தார்கள். கூப்பிட்டால் இருவரும் திரும்பியிருப்பார்கள்.

நான் யாருடைய மறுபிறப்பும் இல்லை. ஒரு குழந்தை செத்துப்போனது. அப்புறம் வேறொரு குழந்தை பிறந்தது. அது நான். இதைப் புரிந்துகொள்ள உன் தடிப் புத்தகம் தேவையில்லை.

இனிமேல் எனக்குப் பெயர்களைப் பற்றி எழுதாதே.


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தினமும் இடைவேளையில் நூலகத்துக்குப் போகிறேன். நான் கேட்பதற்கு முன்பே நூலக டீச்சர், "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்லிவிடுகிறார். நேற்று ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ரெனாட்டா என்று எழுதியது தப்பு. அர்த்தம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது யார் காதில் விழும் என்று யோசிக்கவில்லை.

பெயர்களைப் பற்றி எழுத மாட்டேன். இப்போது எழுதுவது ஒரு தேதியைப் பற்றி.

போன வாரம் அப்பாவுக்குச் சின்னத் திருப்புளி வேண்டியிருந்தது. பட்டறை மேசையின் அடி இழுப்பறையில் தேடச் சொன்னார். அங்கே துணியில் சுற்றி உன் தகடு இருந்தது. நான் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்தது இங்கே எப்படி வந்தது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அதுவும் அங்கேயே இருக்கிறது. இரண்டு தகடு, ஒரே பெயர்.

அப்பா எந்தத் தகட்டுக்கும் பின்பக்கம் ஊசியால் தேதி கீறுவார். திருப்பிப் பார்த்தேன். இழுப்பறையில் இருந்ததில் நீ பிறப்பதற்கு மூன்று வருடம் முந்திய தேதி. நீ கழற்றி வைத்ததில் இருப்பது நீ பிறந்து ஏழு மாதம் கழித்து வந்த ஒரு தேதி. இத்தனை வருடம் அது மரத்தைப் பார்த்தபடி இருந்ததால் நாம் யாரும் பார்க்கவில்லை.

அக்கா, உனக்கு மீந்த தகட்டை மாட்டவில்லை. உனக்கென்று புதிதாக வெட்டியிருக்கிறார்.

இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"அகராதி புடிச்ச கழுத" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. அப்புறம் அவராகவே பேசினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பெரியவ போனப்புறம் உங்கம்மா அந்தப் பேர வாய்ல எடுக்க மாட்டா. அடுத்தவ பொறந்தா. பேரு வைக்கவே பயம் அவளுக்கு. பேரு வச்சா போயிடுமோன்னு. ஏழு மாசம் வெறும் பாப்பாதான். அப்ப உங்கம்மாவுக்குக் கடுமையா காய்ச்சல். என்னமோ பெனாத்திக்கிட்டே இருந்தவ, திடீர்னு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. யாரக் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியாது. தொட்டில்ல கெடந்தது சடார்னு திரும்பி அவளப் பாத்து சிரிச்சுச்சு. மறுபடி கூப்பிட்டா. மறுபடி திரும்புச்சு. பாப்பான்னு கூப்பிட்டா அது ஒருநாளும் அப்படித் திரும்பினதில்ல. அப்புறம் நாங்க என்னத்தப் பண்றது? கூப்பிட்டதுக்கு அவதான் திரும்பினா. பேரு அவளோடதாயிடுச்சு. மறுநாளே ஒக்காந்து புதுசா வெட்டினேன்."

"பழசு அப்படியே இருந்துச்சேப்பா?"

"அது பெரியவளோடது. அத எப்படி இவளுக்கு மாட்டுறது?"

"அப்ப ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"ரெண்டு சான்றிதழ கையில வச்சுக்கிட்டு கோர்ட்டுல நிக்கிற மாதிரி நின்னா. ஏன் அதே பேருன்னு யாராவது கேட்டா, தகடு இருந்துச்சுன்னுதான் உங்கம்மா எப்பவும் சொல்லிச் சமாளிப்பா. எனக்கும் வாய்ல அதான் வந்துச்சு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அர்த்தம் எதுவும் நான் சேர்க்கவில்லை.

அகராதி


செப்டம்பர் 1

அன்புள்ள அகராதிக்கு,

உன் கடிதத்தைப் பதினைந்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. முன்பு போட்ட இரண்டுக்கும் சேர்த்து இதைப் பதிலாக வைத்துக்கொள். உன்மேல் கோபம் இல்லை. மிட்டாய் கொடுத்த டீச்சருக்கு என் நன்றியைச் சொல்.

அந்தத் தொட்டிலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா மூத்தவளைத்தான் கூப்பிட்டிருப்பாள். நான் திரும்பியதைப் பார்த்து அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பயந்திருப்பாளா? அவளிடம் கேட்க முடியாது. மைக்கில் கூப்பிடும்போது சில நாள் தவறான ஆள் எழுந்து வருவார். சீட்டைப் பார்த்து "நீங்க இல்லைங்க" என்று சொல்லிவிடுவேன். அம்மா எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அது ஒன்று போதும்.

ஆனாலும் பழைய பெயருக்குத் திரும்ப மாட்டேன். அதைக் கேட்காதே. மூத்தவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது பதினோரு மாதமும் ஒரு பெயரும்தான். பெயரை அவளிடமே விட்டுவிடுகிறேன். இது கோபம் இல்லை என்று அவரிடம் சொல்ல முடிந்தால் சொல்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். என் புதுப் பெயருக்கு அர்த்தம் கிடையாது. பெயர் மாற்றப் படிவத்தில் எழுதும்போது நானாக இரண்டு ஓசைகளைச் சேர்த்தேன். எந்த மொழியிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படி ஒன்றுதான் வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெயரோடு யாரும் செத்திருக்க மாட்டார்கள் இல்லையா? அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. தடிப் புத்தகத்தில் தேடித் தேடிக் கிடைக்காமல் நீ ஏமாந்துபோவாய்.

ஒரு செய்தி. நேற்று படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து தலைமை நர்ஸ் ஒரே ஒரு முறை, சாதாரணமாகக் கூப்பிட்டார். திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகுதான் திரும்பினேன் என்று தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தரை துடைக்கிற அம்மா பார்த்துவிட்டு, "காது மருந்து வேல செய்யுது போல" என்றார்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

படிக்கட்டில் நடந்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கோபம் இல்லை என்ற வரியையும், மூத்தவளிடமே பெயரை விடுகிறேன் என்ற வரியையும் சேர்த்தே படித்தேன்.

அவர் ஒரு வழக்கறிஞரின் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. கடைசி வரி முடிந்ததும், "ஒரு தடவ கூப்பிட்டதுக்கே திரும்பினாளாமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. யோசிக்காம."

இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். வழக்கறிஞர் கண்ணாடியாகிவிடுவார் போல இருந்தது.

"அப்ப அதான் அவ பேரு" என்றார். "எழுதி அனுப்பச் சொல்லு. நீ எழுதித் தராத. அவ கையால எழுதணும்."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. முடிவு உன்னுடையது. கடை விலாசம் அச்சடித்த சீட்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுப்பதுதான்.

அகராதி


செப்டம்பர் 20

அகராதிக்கு,

உனக்கு அனுமதி இல்லை, ஆனாலும் நன்றி.

இந்தச் சீட்டில் என் பெயரை எழுத நான்கு தாள் பழகிப் பார்த்தேன். மைக்கில் இருநூறு பெயர் சொல்கிறவளுக்குத் தன் பெயரை எழுதக் கை வியர்க்கிறது. சீட்டைத் தனி உறையில் போட்டு இந்த முறை வீட்டு விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அனுப்புநர் இடத்திலும் அதே பெயர்தான் இருக்கும். தபால்காரர் அதைப் படிக்கட்டும், அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.

வருவேனா என்று கேட்டு எழுதாதே. எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் யாரும் கூப்பிடுவதில்லை. முன்பு அந்த அமைதி காதில் விழாது. இப்போது விழுகிறது.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்கா,

உறை வந்தது. நான் பள்ளியில் இருந்தேன். திரும்பி வந்தபோது பட்டறைக் கதவில் "மதியம் விடுமுறை" என்ற அட்டை தொங்கியது. அம்மா போன வருடத்துக்குப் பிறகு அந்த அட்டையை நான் பார்த்ததில்லை.

உன் சீட்டு மேசையில் ஊசியால் குத்தி வைத்திருந்தது. ஆகவே உன் பெயரை நான் முதலில் பார்த்தது உன் கையெழுத்தில்தான். புத்தகத்தில் இல்லை, நீ சொன்னது சரி, எல்லாப் பக்கமும் தேடிவிட்டேன். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது. அதனால் என் குறிப்பேட்டில் கடைசிப் பெயராக எழுதினேன். எந்த மொழி என்ற இடத்தில் ஒன்றும் போடவில்லை. அர்த்தம் என்ற இடத்தில் "என் அக்கா" என்று போட்டேன். பிழை இருந்தால் திருத்து.

அப்பா உன் கட்டிலில் உட்கார்ந்து அந்த நான்கு துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். "ரெண்டு வெட்டுறேன். ஒண்ணு அவ ரூம் கதவுக்கு. ஒண்ணு இங்க" என்றார். இழுப்பறையில் இருந்த மூத்தவளின் தகட்டைத் துடைத்து அம்மாவின் படத்துக்குக் கீழே சாத்தி வைத்திருக்கிறார். நீ கழற்றிய தகட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "ஒன் சட்டைக்கு அடியில இருக்குல்ல, இருக்கட்டும்" என்றார். அவருக்கு அது முதலிலிருந்தே தெரியும் போல.

இரண்டு நாள் வெட்டினார். உன் கதவுக்கானது இந்தப் பெட்டியில் இருக்கிறது, திருகாணிகளை ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். பின்பக்கத் தேதியைப் பார், நேற்றையது.

நேற்று மாலை முடிந்தது. நான் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தெழுத்தாகப் படிப்பது கேட்டது. அப்புறம் முழுப் பெயரையும் சொன்னார். முதல் முறை புதுச் சொல்லைப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாவது முறை சரியாக வந்தது. மூன்றாவது முறைக்கு முன்னால் தகட்டைத் துணியால் துடைப்பது கேட்டது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை, அக்கா. கூப்பிட்டார். சாப்பாட்டுக்கு நேரமானால் உன்னைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில்.

பூனை எழுந்து போனது. பதிலுக்குக் காத்திருக்கிறவர் போல அவர் அடுத்த வேலையை எடுக்கவில்லை. "என்னப்பா" என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. கூப்பிட்டது உன்னை.

அகராதி